பதினொரு சலவாத்து நேரம்

சூடேறிய தூசியின் வாசனை எங்கே வந்தாலும் என் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். கோரிப்பாளையத்தில், தையல் கடைக்கு மேலிருந்த எங்கள் மாடி அறையில், பஸ் புழுதி உள்ளே வரக்கூடாதென்று சன்னலை அடைத்து, தாள் பறக்கக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நானும் ஜமீலா அக்காவும் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் வேர்த்து வடிய உட்கார்ந்திருப்போம். அது "கர்ர்... டக் டக்... கர்ர்" என்று தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். "காலை ஆட்டாதடி, வீட்டுச் செல்வம், பரக்கத்து எல்லாம் போயிரும்" என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடுவாள்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்த அக்காவுக்காக, சென்னையில் ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அம்மாவின் தம்பியான மாமா வாங்கி லாரியில் போட்டு அனுப்பியிருந்தார். வீட்டில் அதன் பெயர் "பொட்டி". கல்லூரி ஆட்களின் ஆய்வேடுகளை அக்கா அதில் அடித்துக் கொடுத்தாள். ஹார்டு டிஸ்க் கிடையாது. சதுர அப்பளம் மாதிரி இருக்கும் ஃபிளாப்பிகளைத்தான் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். ஓர் அத்தியாயத்தைச் சேமிக்கச் சொல்லிவிட்டால் பொட்டி எழுந்து வர வெகுநேரம் ஆகும். அந்த நேரத்தை அக்கா வீணாக்கமாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சலவாத்து ஓதுவாள். நபியின் மீது சொல்லும் சின்ன வாழ்த்து அது, ஒரு மூச்சில் முடிந்துவிடும். ஓர் அத்தியாயம் சேமிக்கப் பதினொரு சலவாத்து. எங்கள் வீட்டில் பொட்டியின் வேகத்தை அளக்க வேறு கடிகாரம் இருக்கவில்லை.

அக்காவுக்கு அலுப்பில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த வருடம் அக்காவுக்கும் அவசரம் வந்தது. கத்தரிக்காய்ப் புழுவைப் பற்றி ஆராய்ந்த ஒரு விலங்கியல் பேராசிரியர், தன் ஆய்வேட்டைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தால் தன் துறை மாணவர்கள் எல்லாரையும் அவளிடமே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மாமாவும் ஒரு கெடு வைத்திருந்தார். "நோன்புக்குள்ள நிலையா வேலை வந்தா பொட்டி ஒனக்கு. இல்லேன்னா வித்துருவேன், நீ பழையபடி டைப்ரைட்டரத் தட்டு." அக்கா அதற்கு முன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை, பெருநாளுக்குத் துணிகூடக் கேட்கமாட்டாள். அந்தப் பொட்டி மட்டும் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏதாவது ஒரு சாமானை மாற்றி வேகத்தைக் கூட்டலாம், ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் ஆளாளுக்கு நாட்டாமை ஆனார்கள். "மெமரிய ஏத்து. ஞாபக சக்தி இருந்தா எந்தப் பிள்ளையும் பாஸாயிரும்" என்றார் மாமா. அவனியாபுரத்தில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் செல்வம் அண்ணன்தான் பொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தங்கச்சி, காளை நல்ல காளைதான். இந்த ஃபிளாப்பிங்கிற வாடிவாசல்தான் ஒடுக்கமா இருக்கு. ஹார்டு டிஸ்க்கு போடுங்க. அதப் போடாம எம்புட்டு வேகம் குடுத்தாலும் வாசல்ல முட்டிக்கிட்டுத்தான் நிக்கும்" என்றார்.

அவர் பேசும்போது நான் பொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சிப்புக்குப் பக்கத்தில் அதே நீளத்தில் ஒரு குழி காலியாகக் கிடந்தது, முன்பல் விழுந்த வாய் மாதிரி. நூலகத்தில் புரட்டிய ஆங்கிலப் பத்திரிகையில் அந்தக் குழிக்கான சிப்பின் விளம்பரத்தைப் பார்த்திருந்தேன். பல மடங்கு வேகம் என்று போட்டிருந்தது. கணக்குப் போடுவதற்கு மட்டுமே அது உதவும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. காலியாக ஓர் இடம் இருந்தால் குறை அங்கேதானே இருக்க வேண்டும்? ஜல்லிக்கட்டுப் பேச்செல்லாம் அறிவியல் ஆகுமா என்று செல்வம் அண்ணனை மனசுக்குள் ஏளனம் செய்தேன். ஒரு வாரம் அக்காவைச் சாப்பிடவிடாமல் நச்சரித்தேன். "நீ இங்கிலீசுல படிச்சுட்டுச் சொல்ற, சரியாத்தான் இருக்கும்" என்று அக்கா கடைசியில் தலையாட்டினாள்.

சிப்பு சென்னையிலிருந்து வந்தது. செல்வம் அண்ணன் அதை அந்தக் குழியில் அமுக்கிப் பொருத்தினார். அக்கா மூன்றாம் அத்தியாயத்தைச் சேமிக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் ஓதுறேன்க்கா" என்று முந்திக்கொண்டேன். பொட்டி பழையபடியே "கர்ர்... டக் டக்" என்றது. ஐந்தாவது சலவாத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? ஆறாவதை இழுத்தேன். ஏழாவதை, தர்காவில் பெரியவர்கள் ஓதுகிற மாதிரி ராகம் போட்டு இன்னும் இழுத்தேன். எட்டாவது முடியவும் பொட்டி ஓய்ந்தது. "எட்டுதான்க்கா!" என்று கத்தினேன். அக்கா என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "பதினொண்ணு எட்டாயிருச்சும்மா" என்றாள். ஓதுவதில் போய்ப் பொய்யைக் கலந்துவிட்டேனே என்று பல நாள் பயந்து செத்தேன்.

புழு தன் வேகத்திலேயே ஊர்ந்தது. பேராசிரியரின் திருத்தங்கள் வர வர, ஒவ்வொன்றுக்கும் பதினொரு சலவாத்து. சொன்ன நாளுக்கு நாலு நாள் பிந்தித்தான் முடிந்தது. அவர் முகம் கோணாமல் வாங்கிப் போனார். மாணவர்கள் மட்டும் வரவில்லை, ஹார்டு டிஸ்க் வைத்த வேறொரு கடைக்குப் போய்விட்டார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் பொட்டியை எடுத்துப்போக வந்த மாமா, "இந்த வெட்டிச் சிப்ப வாங்கச் சொன்ன மேதாவி யாரு?" என்று கேட்டார். "நான்தான் மாமா" என்றாள் அக்கா. நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாயை அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

இன்று நான் பெங்களூரில், பெரிய பெரிய கம்ப்யூட்டர்களில் எதை மாற்றினால் வேகம் கூடும் என்று சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. ஃபிளாப்பியைக் காட்டினால் என் மகள் அது என்னவென்று கேட்கிறாள். அக்கா மட்டும் அதே மாடியில் இருக்கிறாள். பழைய லேப்டாப் ஒன்றில் ஆய்வேடுகளுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறாள். போன மாதம் போனில், "இது ரொம்பப் படுத்துதுடி. எதை மாத்தணும்னு நீயே சொல்லு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மொதல்ல நீ சொல்லு. எந்த எடத்துலக்கா காத்துக் கெடக்குற?" என்று கேட்டேன். பதின்மூன்று வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அடுத்த வாரமே ஊருக்குப் போய், நானே புது டிஸ்க்கைப் பொருத்திக் கொடுத்தேன். அக்கா பொத்தானை அமுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓத ஆரம்பித்தாள். இரண்டாவது சலவாத்து முடிவதற்குள் திரை வந்து நின்றது. சத்தமில்லை, சூடில்லை, தூசி வாசனையும் இல்லை. பாதியில் விடக்கூடாதென்று அவள் அதை ஓதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பரவால்லடி, நான் இழுத்துக்கூட ஓதல" என்றாள்.