இனிப்புத் தட்டு

ட்வெய்ட்டா அடுக்குமாடியில் என் மேல்வீட்டில் இருப்பவர்கள் ஆப்கானிஸ்தானின் ஹசாரா இனக் குடும்பம். மகள் சஹ்ரா ஸ்தவாங்கர் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகவிருந்தாள். அதற்குள் தாய், பெண் பார்க்க ஆட்களை அழைத்துவிட்டாள். பெண் பகுதிக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டாள். பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு பெருமையாகத்தான் போனேன்.

தேநீர் குடித்து முடிந்ததும், தாய் துணி சுற்றிய இனிப்புத் தட்டை என்னிடம் தந்து, "அக்கா, நீங்களே அவையளுக்குக் குடுங்கோ" என்று எங்களுக்குப் பொதுவான நோர்வேஜிய மொழியில் சொன்னாள். விருந்தாளிகளுக்குத்தானே என்று கொடுத்தேன். அவர்கள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள்.

சஹ்ரா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனாள். "அன்ரி, எங்கடை ஆக்களிட்டை அந்தத் தட்டைக் குடுத்தால் பொம்பிளை பகுதி சம்மதம் எண்டு அர்த்தம். அம்மா குடுத்திருந்தால் நான் பறிச்சிருப்பன். அது அவவுக்குத் தெரியும், அதுதான் உங்களைக் கொண்டு குடுப்பிச்சவ."

"நான் போய்த் திருப்பி வாங்கிறன், பிள்ளை."

"வேண்டாம் அன்ரி. எல்லாருக்கும் முன்னாலை உங்களுக்கு அவமானம்."

நானும் திரும்பிப் போய் விருந்தாளிகளோடு உட்கார்ந்துவிட்டேன். சஹ்ராவின் கல்யாணமும் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை எனக்குத் தந்த மரியாதையைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.