பவுடர் பூசிய பாதம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் பெங்களூரு ஹெப்பாளில் பாதித் தொழிற்சாலைகளுக்குக் கூரை போட்டவன். ஒரு வருடம் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, கோயிலில் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசிப் போனேன். சாக்கடை வேலையிலிருந்து நேரே வந்த சவரி, சேற்றுக் காலோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டா, காலைக் கழுவிட்டு வரமாட்டியா?"

"கழுவத்தானே கூப்ட்டாங்கோ அண்ணா?"

பின்வரிசை சிரித்தது. கோபத்தில் எழுந்து நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தால், சாமியார் மண்டியிட்டு அந்தச் சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் காலில் கழுவ என்ன இருந்தது? அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது; இன்றும் தீரவில்லை.

இப்போது வருடாவருடம் அந்தச் சடங்குக்குத் தண்ணீர் சுமப்பவன் நான்தான். பவுடர் காலோடு யாராவது வந்தால் மட்டும் என் வாய் சும்மா இருப்பதில்லை.