கூரைக்கடியில் ஒரு போன்

நிவாரண அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஆன்டெனாக்காரர். புயலில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்தால் சாட்டிலைட் போன்களை வைத்து ஊர்களை இணைப்பது அவர் உத்தியோகம். மற்ற நாட்களில் அந்தப் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றுவார், சுற்றுவட்டார ஆட்களைக் கூப்பிட்டுப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பார். வாய் சும்மா இருக்காது. அவர் வகுப்பெடுத்தால் தூங்குமூஞ்சிகூடச் சிரித்துவிடும்.

அந்த வருடம் வகுப்பன்று மழை. வெளியே போய் நனைவானேன் என்று கூடத்துக்குள்ளேயே பட்டன்களைக் காட்டி முடித்துவிட்டார். அந்தப் போனுக்குத் தலைக்கு மேல் திறந்த வானம் வேண்டும். கூரைக்கடியில் அது வெறும் பொம்மை. இவருக்கு அது அரிச்சுவடி. அதனாலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வெள்ளம் வந்தபோது, போன் கொடுத்திருந்த இடங்களில் ஆற்றோரச் சுகாதார நிலையத்திலிருந்து மட்டும் அழைப்பே இல்லை. இருக்கிற ஒரு படகை எங்கே அனுப்புவது என்று அதிகாரி கேட்டார்.

"அழுத பிள்ளைதான் சார் பால் குடிக்கும். கூப்பிட்டவங்களுக்கு அனுப்புங்க. அங்க ஒண்ணும் இருக்காது," என்றார் இவர்.

அங்கே மாடி வார்டில் ஒரு பிரசவம் சிக்கலாகி, அந்த வருடம்தான் முதல்முறை வகுப்புக்கு வந்திருந்த நர்ஸம்மா பகல் முழுக்க அந்தப் போனை அமுக்கிக்கொண்டிருந்தார். தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் நர்ஸம்மா போனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்பது உறைக்க இவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்கண்ணே. என் மரமண்டைக்குத்தான் ஏறல. அந்தப் பொண்ணு முகத்துல முழிக்க முடியல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு எரிந்தது. சும்மா தலையாட்டி அனுப்பிவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததற்கே கூனிக் குறுகிப்போனார். நர்ஸம்மா எழுந்து கிளம்பும்போதுதான் வாய் வந்தது.

"உங்க மேல தப்பில்லம்மா. திறந்தவெளில நின்னாத்தான் அது பேசும். நான் அதைச் சொல்லவே இல்ல."

நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நர்ஸம்மா அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொட்டை மாடி சாவி என் இடுப்புலயேதாண்ணே இருந்துச்சு," என்றார்.