வைரக்கண்ணுவின் ஆள்காட்டி விரல்

இரண்டு கைகளிலும் காலுறையை மாட்டிக்கொண்டுதான் டீ குடிக்கிறார் வைரக்கண்ணு. கழற்ற அவருக்கு உத்தரவு இல்லை. சிரிக்கிற டீக்கடை பெஞ்சைப் பார்த்து, “கிளாஸ் சுடவே மாட்டேங்குது, நீங்களும் போட்டுப் பாருங்க” என்று யோசனை வேறு சொல்கிறார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். மீசையை மட்டும் நிறுத்தால் கால் கிலோ தேறும். மிஷின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது காலுறைக்கு விலக்கு உண்டு.

உத்தரவு போட்டவள் மூன்று வயது மகள் கனிஷ்கா. முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் சிவந்து தடித்து, ரத்தம் கசிகிற வரை சொறிவாள். தஞ்சாவூர் தோல் டாக்டரம்மா எக்ஸிமா என்றார். தெரு கரப்பான் என்றது. கத்திரிக்காயை நிறுத்து, கருவாட்டை நிறுத்து என்று ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். வைரக்கண்ணு டாக்டரம்மா பேச்சையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தூக்கத்தில் சொறியாமலிருக்கப் பிள்ளை கையில் காலுறை போடச் சொன்னதும் டாக்டரம்மாதான். அப்பா போட்டால்தான் நானும் போடுவேன் என்றாள் மகள். போட்டார். வேறென்ன செய்ய?

மனைவி மேகலா ஜவுளிக்கடை வேலைக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிடுவதால் குளிப்பாட்டுவதும் பூசுவதும் அப்பா பொறுப்பு. குளித்ததும் துண்டால் ஒத்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வெள்ளை டப்பா கிரீமை உடம்பு முழுக்கப் பூச வேண்டும். இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “ஈரம் இருக்கையில உரம் போட்டாத்தானே பிடிக்கும்?” ஆனால் மகள் லேசுப்பட்டவளா? முதலில் அப்பாவுக்கு, அப்புறம் பொம்மைக்கு, அப்புறம் கொல்லையில் கட்டிய ஆட்டுக்குட்டிக்கு, கடைசியில்தான் அவளுக்கு. வெயிலில் வெந்த வைரக்கண்ணுவின் கன்னம் இப்போது கல்யாண மாப்பிள்ளை கணக்காகப் பளபளக்கிறது. ஆட்டுக்குட்டியும் பரவாயில்லை.

சிவந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ட்யூப். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. யூரியா கூடினால் பூச்சி வரும் என்று அறிந்த மனுஷர், அளவில் படு கறார். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இருந்தும் சிவப்பு அடங்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டே சொறிந்தாள். தெரு மறுபடி கத்திரிக்காயை எடுத்தது. கடைசியில் மேகலாவே, நீங்க விடுங்க, நான் வேலையை விட்டுட்டுப் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், பிள்ளை விஷயத்தில் தோற்றுப்போனோமே என்று அவருக்கு அவ்வளவு வேதனை.

மறுபடி மூவருமாகத் தஞ்சாவூர் போனார்கள். எப்படிப் போடுறீங்க, போட்டுக் காட்டுங்க என்றார் டாக்டரம்மா. வைரக்கண்ணு பயபக்தியோடு மகளின் ஆள்காட்டி விரலை நீட்டிப் பிடித்து, அதன் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை, நெல்மணி நீளத்துக்குப் பிதுக்கினார்.

“அவ விரல் இல்லங்க. உங்க விரல்.”

“அந்தந்த வயலுக்கு அந்தந்த அளவுதானங்களே டாக்டர்?”

டாக்டரம்மா மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். மேகலா எதையும் தேடவில்லை, நேராகவே சிரித்தாள். வேலையை விடுகிற பேச்சும் அதோடு போயிற்று.

அப்பா விரல் சாமானிய விரலா, மண்வெட்டிக் காம்பு. மருந்து போதுமான அளவு சேர்ந்ததும் ஒரே வாரத்தில் சிவப்பு அடங்கிவிட்டது. கனிஷ்கா தன் காலுறையைக் கழற்றி ஆட்டுக்குட்டிக்கு மாட்டிவிட்டாள். “அப்பாவுக்கு இன்னும் சரியாவல” என்று சொல்லி அவருடையதை மட்டும் கழற்ற விடவில்லை. தோல் சரியானாலும் வெள்ளை டப்பாவை நிறுத்தக் கூடாது என்பது டாக்டரம்மா கட்டளை. நிறுத்த ஆடும் விடாது.

இன்று மதியம் பூச்சு முடிந்து மகள் தூங்குகிறாள். கிரீம் பூசுவதற்காகக் காலுறை கழற்றிய அவருடைய வலது கை ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்திருக்கிறாள். சொறிய அவள் கை முழங்கைப் பக்கம் போகவே இல்லை. மிஷின் முதலாளி சிங்காரவேலு போனில் கூப்பிடுகிறார், அறுப்புக்கு வயல்காரர் காத்திருக்கிறாராம். வைரக்கண்ணு காலுறை போட்ட இடது கையால் போன் திரையைத் தேய்க்கிறார், மறுபடி தேய்க்கிறார். அது எடுக்கிற வழியாக இல்லை. வலது விரலை உருவினால் பிள்ளை விழித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டேயிருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறார்.