நூற்று நான்கில் நின்றுபோன தராசு

என்னோடு சேர்ந்து அழுது ஜெபித்த சகோதர சகோதரிகளுக்கு, பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்திலிருந்து சலோமி எழுதுகிறேன்.

என்னைப் படகில் ஏற்ற நாலு ஆம்பிளைகள் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள். "நடுவுல குந்தும்மா, இல்லன்னா எல்லாரும் ஏரிக்குள்ளதான்" என்பான் படகுக்காரன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

அப்போது நூற்று முப்பத்தாறு கிலோ இருந்தேன். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். நான் இறங்கினால் சேறு என்னை விடாது. ஒருமுறை புதைந்துபோய், இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். அன்றோடு ஏரியில் இறங்குவதை விட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் யாக்கோபு வலைக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் காசநோய் கண்டது. மாத்திரை தின்றார், இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வந்தபோது துடுப்பைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. இனி நான் ஏரியில் இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. "கர்த்தாவே, ஒன்று என் உடம்பைக் குறைத்துப்போடும், இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். அப்படி ஜெபிப்பது பாவம் என்று தெரிந்தேதான் ஜெபித்தேன்.

வெளிநாட்டில் படித்துவந்த டாக்டர் ஒருவர் மெட்ராஸ் தர்மாஸ்பத்திரியில் காசு வாங்காமல் இரைப்பையைத் தைத்துச் சின்னதாக்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஐப்பசி மாதம் எனக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. "வயித்த நான் சின்னதாக்கிட்டேன். மிச்சத்த நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

ஊரில் ஆளை நிறுக்கும் மெஷின் ஏது? பழவேற்காட்டில் இறால் வாங்கும் காசிம் பாயிடம் ஐஸ் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. சனிக்கிழமை இறால் வியாபாரம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னை அதில் ஏற்றி நிறுத்துவார். மனுஷர் ஒருநாளும் கேலி பேசியதில்லை. வாரத்துக்கு வாரம் எடை இறங்கியது. தை முடிவதற்குள் நூற்று நான்கு. நானும் என் வீட்டுக்காரரும் கைகோத்து ஸ்தோத்திரம் சொன்னோம்.

அத்தோடு நின்றது. மாசியில் நூற்று நான்கு. பங்குனியில் நூற்று நான்கு. சித்திரையிலும் அதேதான். "மறுக்கா பாரு பாய்" என்று கெஞ்சுவேன். அவர் எடைக்கல்லைத் துடைத்துப் போட்டு மறுபடி நிறுத்துக் காட்டுவார்.

"வயித்த வெட்டியும் கொறையலன்னா இன்னா அர்த்தம்? திருட்டுத்தனமா துன்றா" என்று குழாயடியில் என் காதுபடப் பேசினார்கள். பேசுவார்கள்தான். வலித்தது.

எடை இன்னும் வேகமாக இறங்கட்டும் என்று நான் தையிலேயே உபவாசத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். மாசியிலிருந்து தினமும், பொழுது சாயும்வரை. எங்கள் ஜெபவீட்டு வழக்கப்படி உபவாசம் என்றால் பல்லில் எதுவும் படக்கூடாது, குடிப்பதற்குத் தடையில்லை. மாசி பிறந்தால் எங்கள் பக்கம் பனை ஊறும். என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே விடியலில் எழுந்து பனந்தோப்புக்குப் போய், மரமேறியிடம் பெரிய சொம்பு நிறையப் பதநீர் வாங்கி வருவார்.

"வெறும் வயித்தோட ஜெபம் பண்ணா மயக்கம் வரும். கொஞ்சங்கொஞ்சமா குடி" என்பார். மணிக்கு ஒரு வாயாக நாள் முழுக்கக் குடித்துத் தீர்ப்பேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை தராசிலிருந்து இறங்கினேன். அதே நூற்று நான்கு. படகில் வரும்போது அவர், "உடுடி, அடுத்த வாரம் கொறையும்" என்றார். எனக்குள் என்ன பேய் புகுந்ததோ, "யோவ், நீ மாத்திரைய ஒழுங்கா துன்னிருந்தா எனக்கு இந்த கதி வருமா?" என்று எல்லோர் எதிரிலும் கத்திவிட்டேன். அவர் மறுநாள் விடியலில் வழக்கம்போலச் சொம்போடு வந்து நின்றார்.

அந்த வாரம் டாக்டரிடம் காட்ட மெட்ராஸுக்குப் போகும் நாள் வந்தது. புறப்படுமுன் முழங்காலில் நின்றேன். "உடம்பைக் குறைத்துப்போடும் என்று இனி கேட்கமாட்டேன். ஏன் குறையவில்லை என்று மட்டும் காட்டும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் வயதான நர்ஸம்மா ஒருவர், காலை முதல் ராத்திரி வரை வாயில் போவது என்ன என்று கேட்டார். நான் பெருமையாக, "ஒண்ணுமே இல்ல சிஸ்டர், உபவாசம். பதநீர் மட்டுந்தான்" என்றேன்.

"எவ்ளோ?"

"ஒரு பெரிய சொம்பு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அடி பாவிப் பொண்ணே, அத காய்ச்சினாத்தான வெல்லம்? நாள் பூரா வெல்லத்த கரைச்சுக் குடிச்சா எப்டி கொறையும்? சோறு துன்னாம தெம்பும் போச்சு, எடையும் நின்னுச்சு."

கேட்டது அன்றைக்கே கிடைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எடை குறைய வேண்டுமென்று நான் இருந்த உபவாசமே எடையைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அந்தப் பதநீரைத் தினமும் கொண்டுவந்து கொடுத்தது என் புருஷனின் அன்பு. இதை அந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. மறுநாள் சொம்பை நீட்டியபோது, "இனிமே இத நீதான் குடிக்கணும். நான் பாக்கணும். அப்டி ஜெபத்துல நேந்துக்கிட்டேன்" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து குழந்தை மாதிரி குடித்தார். நான் நர்ஸம்மா சொன்னபடி மூன்று வேளையும் கொஞ்சம் மீனும் இரண்டு கவளம் சோறும் மென்று தின்றேன்.

ஆனியில் தராசு அசைந்தது. நூற்று இரண்டு. காசிம் பாய், "மாஷா அல்லா" என்று கத்திவிட்டார். ஆவணி கடைசியில் தொண்ணூறுக்கும் கீழே வந்தேன். பறியைக் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கினேன். சேறு என்னை விட்டது. கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஸ்தோத்திரம் சொன்னார். அன்று நான் பிடித்தது ஒரு பிடி இறால்தான். அதைக் குழம்பு வைத்தோம்.

மறுபடி மாத்திரை தின்றும் அவர் தேறவில்லை. கார்த்திகை மழையில் ஒருநாள் ரத்தமாக இருமினார். மழைக்குப் பயந்து ஆட்கள் வெளியே வரவில்லை. படகுக்காரன் மட்டும் வந்தான். நான் அவரை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன். பறி அளவுக்குத்தான் கனம் இருந்தது. நாலு பேர் பிடித்து என்னை ஏற்றிய அதே படகில் நான் ஒருத்தியே அவரை ஏற்றிக் கிடத்தினேன்.

கண்ணைத் திறந்து, "இன்னா சலோமி, நடுவுல குந்தலியா?" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் செய்த கேலி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கர்த்தரிடம் போய்விட்டார்.

அவரையும் காப்பாற்றியிருக்கலாமே என்று நான் கர்த்தரோடு சண்டை போட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனாலும் என் புருஷனைத் தூக்குகிற பெலனை, தூக்க வேண்டிய நாளுக்கு முன்னே எனக்குத் தந்தாரே, அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். எவ்வளவு கேட்டும் ஒன்றும் அசையவில்லை என்று அழுகிறவர்களே, ஏன் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். பதில் உங்களை வெட்கப்படுத்தினாலும் கேளுங்கள். அவர் காட்டுவார்.

இன்றைக்கும் மாசி பிறந்தால் மரமேறி என் வாசலில் முதல் பதநீரோடு வந்து நிற்பார். அதை வாங்கி, ஊரில் யார் இருமிக்கொண்டு கிடக்கிறார்களோ அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பேன். இருமல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு வருவேன்.