ரோஸ் நிறப் பட்டன்

நிலக்கோட்டைப் பூக்கடை முதலாளி இறந்த மறுநாள், அவர் மகன் திண்டுக்கல்லில் இருந்து அவர்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு போன் செய்தார்: “அண்ணே, அப்பாவுக்காக வெப்சைட்டை ஒருநாள் கறுப்பாக்கிடுங்க.”

பக்கத்தின் நிறங்களைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் நிறத்தை மாற்றினேன். எல்லாம் கறுத்தது, ‘மாலை ஆர்டர்’ பட்டன் மட்டும் ரோஸ் நிறத்தில் அப்படியே நின்றது. அந்தப் பட்டனைக் குறிவைத்துச் செலக்டர் மேல் செலக்டராக அடுக்கிப் பார்த்தேன். சனியன், அசையவில்லை. கடைசியில் பழைய வரி ஒன்று அகப்பட்டது. மற்ற எல்லாக் கட்டளைகளையும் அமுக்கிவிடும் ‘இம்பார்ட்டண்ட்’ அதன் வாலில் இருந்தது. எனக்கு முன்னால் வேலை பார்த்தவன் பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தான்: “ரோஸ்தான் வேணும்னு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறாரு. யாரும் மாத்தாதீங்க.”

நானும் ஒரு இம்பார்ட்டண்ட் போட்டு ஜெயித்திருக்கலாம். அப்புறம் எனக்குப் பின்னால் வருகிறவன் என் பேயோடு மல்லுக்கட்டுவான். அதனால் முதலாளியின் இம்பார்ட்டண்ட்டை அழித்தேன்.

பட்டன் கறுத்தது. எனக்கு அவர் அப்போதுதான் இறந்தார்.