கரி படாத மாப்பிள்ளை

ரயிலைப் படம் எடுக்கிற பொம்பளை என்று மேச்சேரிப் பக்கம் கொஞ்ச காலம் எனக்குப் பேர் இருந்தது. ரயில் மேல் எனக்கு ஆசை எல்லாம் இல்லை. தம்பி கல்யாணத்துக்காக எடுக்க வேண்டி வந்தது, எடுத்தேன்.

எங்க வீட்டுக்காரர் எழுபதுகளில் மேச்சேரியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். இருட்டறையில் படம் கழுவிக் காயப்போடுவது என் வேலை. அங்கே வேறு யாரும் வர மாட்டார்கள், அதனால் எனக்குப் பிடித்திருந்தது. கேமராவில் பொத்தானை அமுக்கத் தெரியும். ஆனால் மனுஷரை எடுத்ததில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்னையே பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன்.

தம்பி ரயிலில் பயர்மேன். ஓமலூரிலிருந்து தொப்பூர் மலை ஏறித் தருமபுரி போகிற வண்டிகளில் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுவான். அவனுக்குப் புதுச்சத்திரத்தில் ஒரு பெண் பார்த்தோம். தோட்டம் துரவு உள்ள குடும்பம். அப்பா இல்லாத பெண், தாய்மாமன் சொல்வதுதான் அங்கே நடக்கும். பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தம்பி சோற்றில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான். பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகு கேட்டார்.

“ரயில்ல வேலைன்னு சொல்றீங்க. முறுக்கு விக்கறவனுக்குங்கூட ரயில்லதான் வேலை. பையன் என்ஜின்லதான் நிக்கறாருன்னு எப்படிங்க நம்பறது?”

ரயில்வே காகிதத்தைக் காட்டினோம். அவர் அதைத் தொடவே இல்லை.

“காயிதம் யார் வேணாலும் அடிக்கலாமுங்க. எங்கூர்ல ஒருத்தன் கண்டக்டர்னு சொல்லிப் பொண்ணக் கட்டீட்டுப் போனான். போயிப் பாத்தா பை மட்டுந்தான் இருந்துது, பஸ்ஸக் காணம். ஓடற என்ஜின்ல பையன் நிக்கற மாதிரி ஒரு போட்டோ குடுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாம். இல்லீன்னா வேற எடமும் கேக்கறாங்க.”

டேசனில் படம் எடுக்கக் கூடாது என்று போர்டு இருந்தது. தம்பிதான் வழி சொன்னான். “தொப்பூர் ஏத்தத்துல வந்து நில்லுக்கா. அங்க வண்டி ஆடு மேயற வேகத்துலதான் போகும்.” அது முகூர்த்த மாசம். வீட்டுக்காரர் நல்ல கேமராவோடு கல்யாண வீடுகளில் இருந்தார். ஒரு பழைய கேமரா சும்மா கிடந்தது. பெட்டி மாதிரி இருக்கும். மேல் மூடியைத் திறந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் தடவை சரக்கு வண்டி வந்தது. அந்தக் கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். வண்டி ஒரு பக்கம் போக, நான் பெட்டியை மறுபக்கம் திருப்பிவிட்டேன். மறுபடி பிடிப்பதற்குள் கடைசிப் பெட்டி வந்துவிட்டது. கழுவிப் பார்த்தால் பச்சைக் கொடியோடு கார்டு நிற்கிறார், நல்ல தெளிவாக.

“ஏம் புள்ள, கார்டுக்கா பொண்ணு பாக்கறோம்?” என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த தடவை பாசஞ்சர். ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் என்னையே பார்த்தார்கள். “ஏனுங்கக்கா, எங்களையும் ஒண்ணு எடுங்க!” என்று ஒருத்தர் கத்திக்கொண்டே சீப்பை எடுத்துத் தலை வாரினார். எனக்கு வெட்கம் வந்து முந்தானையை இழுத்து முக்காடு போட்டேன். அது கேமராவுக்கும் சேர்த்து விழுந்துவிட்டது. தம்பி நிற்க வேண்டிய இடத்தில் என் சேலைக் கரை வந்திருந்தது.

மூன்றாவது தடவை பெட்டியை ஒரு பாறை மேல் வைத்தேன். திருப்பவே இல்லை. சரக்கு வண்டி மூச்சிரைத்து ஏறி வந்தது. தம்பி தானாகக் கண்ணாடிக்குள் வந்தான், அமுக்கினேன். கழுத்து வரைக்கும் கரி, பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. பின்னால் புகை, அதற்குப் பின்னால் மலை.

ஆனால் எங்கள் ஸ்டூடியோவில் மாப்பிள்ளைப் படம் என்றால் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்கித்தான் கொடுப்பது. வீட்டுக்காரர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

“கரி இருந்துட்டுப் போகட்டுமே,” என்றேன்.

“நீ சும்மா இரு புள்ள. பொண்ணு ஊட்டுக்குப் போற படம்.”

என்ஜின் கறுப்பு, புகை கறுப்பு. நடுவில் தம்பி முகம் மட்டும் இட்லி மாதிரி இருந்தது.

தாய்மாமன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கரி அள்றவன் மூஞ்சியாங்க இது? நின்ன வண்டில ஏத்தி நிறுத்திப் புடிச்சிருக்கீங்க.”

வீட்டுக்காரர் டச்சிங் பற்றி விளக்கமாகச் சொன்னார். பென்சிலையும் கொண்டுவந்து காட்டினார். சொல்லச் சொல்ல தாய்மாமனுக்குச் சந்தேகம் அதிகமானது.

“அப்ப என்ஜினும் பென்சில்ல வரைஞ்சதுங்களா?”

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். ஆடிக்கு அதிக நாள் இல்லை. தம்பி சோற்றில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “நேர்லயே வந்து பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை பகல் சரக்கு வண்டில வருவான்,” என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வந்தார்கள். தாய்மாமன், பெண்ணின் அம்மா, பெண். டிபன் கேரியரில் தக்காளிச் சோறு கொண்டுவந்திருந்தார்கள். பாறை மேல் வரிசையாக உட்கார்ந்தோம். பழைய கேமராவையும் நான் எடுத்துப் போயிருந்தேன். தம்பி வேலையாக வெளியூரில் இருந்தான், தகவல் சொல்ல வழி இல்லை.

வண்டி வளைவில் திரும்பியது. தம்பி தலையை நீட்டினான், என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பக்கத்தில் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டான்.

“யாரையுங் காணமே?” என்றார் தாய்மாமன். என்ஜின் எங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. “டேய்! தலைய நீட்டுடா!” என்று கத்தினேன். மலை திருப்பி ஒரு தரம் கத்தியது. தம்பி மெதுவாக நீட்டினான். முழுக்கக் கரி.

தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்ஜின் கூடவே நடந்தார்.

“ஏனுங், மாப்ளைங்களா?”

“ஆமாங்க மாமா!”

“இதேதான் தினமும் வேலைங்களா?”

“ஆமாங்க மாமா! தள்ளி நடங்க, நெருப்பு விழுகும்!”

ஏற்றத்தில் மூச்சு வாங்கும் வரைக்கும் பேசிக்கொண்டே போனார். அவர்கள் எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. அதனால் தாய்மாமனையும் தம்பியையும் சேர்த்து நிதானமாக ஒரு படம் எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் சட்டையெல்லாம் கரிப்புள்ளி.

“பையனுக்கு வேலை நெசமா இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். “நீ என்ன சாமி சொல்ற?”

பெண் என் பக்கம் நகர்ந்து வந்தது.

“ஏனுங்கக்கா, அந்தக் கரி கழுவுனாப் போயிருங்களா?”

“ரெண்டு தரம் சோப்புப் போட்டாப் போயிரும்.”

“காதுக்குள்ள இருக்கறதுங்க?”

“அது கொஞ்சம் கஷ்டந்தான்.”

பெண் வண்டி போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்துவிட்டது.

“பரவால்லீங்க,” என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரைத் திறந்தது.